பிரஷரும் சுகரும் போய்ச் சேரும் இடம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை, தமிழ்நாடு அரசு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மாவட்டந்தோறும் நடத்திவரும் அலுவலர்கள், மருத்துவர்கள்.

வணக்கம்.

ஒரு வட்டத் தலைநகரில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கியபோது, இன்னுமொரு விளம்பரத் திட்டம் என்றுதான் எங்கள் வட்டாரத்து மருத்துவர்கள் பலர் பேசிக்கொண்டோம். பிறகு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வர முடியாத பாட்டிகளுக்கு வீட்டுத் திண்ணையிலேயே பிரஷர் பார்ப்பதைக் கண்ணால் கண்டோம். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தபோது, கிடைக்க வேண்டியதுதான் கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நான் கேட்பது ஒன்றே. திட்டம் தொடங்கியபோது அறிவித்த பட்டியலில் ரத்த அழுத்தம் இருந்தது, நீரிழிவு இருந்தது, ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் எல்லாம் இருந்தன. பிரஷரும் சுகரும் கடைசியில் எந்த நோயில் கொண்டுபோய் விடுகின்றனவோ அந்த இதயச் செயலிழப்பு மட்டும் அதில் இல்லை. அதைச் சேருங்கள். நோய் முற்றியவருக்கு மாத்திரை கொடுப்பதற்காகச் சொல்லவில்லை, அதற்கு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. யாருக்கு அது வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதற்காகச் சொல்கிறேன். புதுக் கட்டடமும் பெரிய கருவியும் இதற்கு வேண்டாம்.

மக்கள் இந்த நோயை ‘ஹார்ட்டு பம்பிங் கம்மி’ என்கிறார்கள். பாதிப் பேருக்கு அது பொருந்துகிறது. இடது கீழறை நிறைந்திருக்கும்போது அதிலுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ என்னும் இதய ஸ்கேனில் பார்க்கிறோம். நல்ல இதயத்தில் அது 55 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். 40க்குக் கீழே இறங்கினால் பம்பிங் குறைந்த வகை. மீதிப் பேருக்கு அந்த எண் 50க்கு மேலேயே இருக்கும், ஆனால் இதயச் சுவர் தடித்து விறைத்துப்போயிருக்கும். தள்ளுவதில் குறையில்லை, தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வதில்தான் குறை. ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும், காலில் வீங்கும். வயதான பெண்கள், பருமனானவர்கள், பல காலம் பிரஷர் உள்ளவர்கள்தான் இந்த இரண்டாம் வகையில் அதிகம். “எக்கோல பம்பிங் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர், ஆனா படுத்தா மூச்சு முட்டுது” என்று இவர்கள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலைவார்கள்.

மாரடைப்பு என்றால் ஊரே திரண்டு ஓடுகிறது. இது அப்படி வருவதில்லை. மாடிப்படியில் இளைப்பு, ராத்திரியில் இருமல், ஒரு தலையணை போதாமல் இரண்டு வைப்பது, சாயங்காலமானால் செருப்பு இறுகுவது என்று மாதக் கணக்கில் மெல்ல வரும். வயசாகிவிட்டது என்று நோயாளியே தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டிய அவகாசத்தையும் கொடுக்கும்.

அது எவ்வளவு மோசமானது என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரை அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்து மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் 59 விழுக்காட்டினர் இறந்துபோயிருந்தார்கள். பல புற்றுநோய்களில் இதைவிட நல்ல கணக்கு வரும். பிறகு நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைச் சேர்த்து ஒரு தேசியப் பதிவேடு தயாரானது. அதில் சராசரி வயது 60. மேலை நாடுகளில் இந்த நோயோடு வருபவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். இங்கே பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்காதவர், டிராக்டர் கடன் கட்டிக்கொண்டிருப்பவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 90 நாளுக்குள் ஏழில் ஒருவர் போய்விட்டார்.

அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2001இல் இந்த நோயை நான்கு படிகளாகப் பிரித்தன. அதில் முதல் படியை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே இதயத்தில் எந்தக் கோளாறும் இருக்காது, எந்தத் தொந்தரவும் தெரியாது. பிரஷரோ சுகரோ பருமனோ இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரையும் இந்த நோயின் முதல் படியில் இருப்பவராகவே எண்ண வேண்டும் என்றார்கள். இரண்டாம் படியில் எக்கோ பார்த்தால் மாற்றம் தெரியும், ஆளுக்குத் தெரியாது. மூன்றாம் படியில்தான் மூச்சு வாங்கும், அப்போதுதான் எங்களிடம் வருகிறார்கள். உங்கள் பயனாளிகளின் எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது என்று அரசு அறிவித்திருக்கிறது. அதில் பிரஷர், சுகர் என்று பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரும் முதல் படியில் நிற்கிறார். முதல் படியில் நிற்பவர்களின் முகவரியை இவ்வளவு பெரிதாகத் தொகுத்து வைத்திருக்கும் துறை இந்த நாட்டில் வேறெதுவும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிரஷரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948 முதல் ஊர்மக்களைத் தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்விலிருந்து 1996இல் வந்த கட்டுரையில், இதயச் செயலிழப்பு வந்தவர்களில் 91 விழுக்காட்டினருக்கு அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது என்று காட்டினார்கள். அழுத்தத்தை எதிர்த்து ஒவ்வொரு துடிப்பும் தள்ளித் தள்ளி இதயச் சுவர், மூட்டை தூக்குபவரின் தோள் காய்த்துப்போவதுபோல, தடித்து இறுகுகிறது. கொஞ்சகாலம் அது சமாளிக்கும். பிறகு விறைக்கும், அல்லது தளர்ந்து விரிந்துவிடும்.

மாத்திரையால் இதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1991இல் வெளிவந்த ஷெப் ஆய்வில், 60 வயது தாண்டியவர்களின் ‘மேல் பிரஷரை’ (இரண்டு எண்ணில் முதலாவது) குளோர்தாலிடோன் என்ற மலிவான நீர் மாத்திரையை அடிப்படையாக வைத்துக் குறைத்தார்கள். இதயச் செயலிழப்பு ஏறக்குறைய பாதியாகியது. 2008இல் ஹைவெட் ஆய்வு 80 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. அங்கே 64 விழுக்காடு குறைந்தது. “எண்பது வயசுல இனிமே எதுக்கு பிரஷர் மாத்திரை” என்று கேட்கும் பேரன்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. பக்கவாதத்தைத் தடுப்பதற்காகத்தான் பிரஷர் மாத்திரை என்று மருத்துவர்களிலேயே பலர் நினைக்கிறோம். இந்த இரண்டு ஆய்விலும் அதைவிடப் பெரிய லாபம் இதயத்துக்குத்தான்.

ஆனால் நம் ஊர்க் கணக்கு என்ன? 2020இல் தமிழ்நாட்டில் பிரஷர், சுகர் போன்றவற்றைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. நூறில் ஏழு பேர்! உங்கள் திட்டம் பிறந்ததற்கு இந்த எண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிறகு நிலைமை தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தும் கட்டுக்குள் வராதவர்கள்தான் இன்னும் மிகப் பெரும்பான்மை.

இங்கே என் முதல் வருத்தம். உங்கள் அறிவிப்புகளில் வரும் எண்கள் எல்லாம் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பவை. எத்தனை பேருக்குப் பிரஷர் 140/90க்குக் கீழே வந்தது என்ற எண் அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. பை நிறைய மாத்திரை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் சேர்த்துவைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். மாசாமாசம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா வருகிறாள், வேண்டாம் என்றால் கோவித்துக்கொள்வாள் என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், “தலை சுத்தினாத்தானே பிரஷரு? எனக்கு ஒண்ணும் பண்ணலையே”, “ஒரு தடவ ஆரம்பிச்சா விட முடியாதாமே”, “நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்” என்று பதில் வரும். இதில் மூன்றாவது பதில்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. மாத்திரையால் நார்மல் ஆனதை நோய் போய்விட்டதாக எண்ணி நிறுத்துபவர், ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நள்ளிரவில் வாயில் நுரையோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறார். எந்த வட்டார மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவரையும் கேட்டுப்பாருங்கள்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாதம் ஒரு எண் போதும்: பதிவானவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குக் கட்டுக்குள் இருக்கிறது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் எழுதிப்போடுங்கள். மருத்துவர்களான எங்களுக்குத்தான் அதில் சங்கடம் அதிகம். ஒரே மாத்திரையை ஒரே அளவில் வருடக் கணக்கில் எழுதிக்கொண்டே போவது எங்கள் பழக்கம், நோயாளியின் தவறு இல்லை. முதல் மாத்திரை போதவில்லை என்றால் அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

உப்பைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் வீடுகளில் சாம்பார் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் மோர் மிளகாயையும் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். நெஞ்சு கரித்தால் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் ஜீரண உப்பும் சோடியம்தான். தன்னார்வலர்களுக்கு இது தெரிந்தால் போதும், வீட்டுக்குள் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, மாரடைப்பில் பிழைத்தவர்கள். தேசியப் பதிவேட்டில் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புதான் மூலம். 2023இல் நீங்கள் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டேட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கையோடு கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். முன்பு செத்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள். பிழைத்தவரின் இதயத்தில் ஒரு பகுதித் தசை செத்துப்போயிருக்கிறது என்பதும் உண்மை. செத்த பகுதியின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் மீதித் தசை மெல்ல மெல்ல நீண்டு, அறை உருண்டு விரிகிறது. மாரடைப்புக்குச் சிகிச்சை கொடுப்பதில் நாம் எவ்வளவு தேறுகிறோமோ அந்த அளவுக்கு இதயச் செயலிழப்புக்கு ஆட்கள் சேர்வார்கள். நம் ஆட்களுக்கு மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே, சராசரியாக 53இல், வருகிறது என்று 2004இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த விரிதலைத் தடுக்கலாம். 1992இல் வந்த சால்வ்ட் தடுப்பு ஆய்வில், பம்பிங் 35 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாத 4,228 பேரை எடுத்துக்கொண்டார்கள். எனலாப்ரில் கொடுத்தவர்களுக்கு நோய் வெளிப்படுவது 37 விழுக்காடு குறைந்தது. எனலாப்ரில் மிகப் பழைய, மிக மலிவான மாத்திரை. அது யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க எக்கோ ஒன்று வேண்டும். ஸ்டென்ட் வைத்த கையோடு ஆஸ்பத்திரியில் ஒரு எக்கோ எடுக்கிறார்கள், ஆனால் அதிர்ச்சியில் மரத்துப்போன தசை பிறகு தேறவும் செய்யும், தேறாமலும் போகும். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்தால்தான் உண்மை தெரியும். அந்த இரண்டாவது எக்கோவுக்கு வருபவர்கள் குறைவு. “அடைப்ப எடுத்தாச்சே டாக்டர், இனி என்ன?” என்பார்கள். வலி போனதும் நோய் போய்விட்டது. வீட்டுக்கு வீடு போகும் தன்னார்வலரிடம், தன் பகுதியில் யார் யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பைபாஸ் செய்தார்கள் என்ற பட்டியலைக் கொடுங்கள். மூன்றாம் மாதம் வந்ததும் “எக்கோ எடுத்தாச்சா?” என்று அவர் கேட்கட்டும். காப்பீட்டுத் திட்டத்திடம் அந்தப் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் துறைக்கே சொந்தமான பட்டியல்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லித்தான் எனக்கு இரண்டு மருந்துக் கடைக்காரர்களின் நட்பு போனது. வலி மாத்திரை. மூட்டுவலி, இடுப்புவலி என்று கடைக்குப் போய் நின்றால் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையில் ஏதோ ஒன்று, கூட ஒரு ஸ்டீராய்டு, மஞ்சள் கலர் ஒன்று, சிவப்பு ஒன்று, துண்டுக் காகிதத்தில் மடித்து மூன்று வேளைக்குக் கிடைக்கிறது. டைக்ளோஃபினாக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேரின் மருந்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. கடந்த 14 நாளுக்குள் இந்த வகை மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 19 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அங்கே சீட்டு எழுதிக் கொடுத்ததற்கான கணக்கு அது. இங்கே சீட்டே இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள், கட்டட வேலை செய்பவர்கள், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்கள் என்று இதை விழுங்குபவர்கள் எல்லாம் உடம்பால் உழைக்கிறவர்கள். வலி மாத்திரை போடாதே என்று வெறுமனே சொல்லி அனுப்பினால் நாளை வேலைக்குப் போக முடியாது, கூலி போகும். உங்கள் திட்டத்திலேயே இயன்முறை சிகிச்சையாளர் இருக்கிறார். பிரஷரும் மூட்டுவலியும் சேர்ந்திருப்பவரை முதலில் அவரிடம் அனுப்பலாம். பாராசிட்டமால் போதுமா என்று பார்க்கலாம். பிரஷர் பார்க்கும்போதே “வலிக்கு என்ன மாத்திரை போடறீங்க, எடுத்துக் காட்டுங்க” என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உங்கள் அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சுகர். ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் 1974இலேயே காட்டிவிட்டார்கள்: நீரிழிவு ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது, பெண்களுக்கு ஐந்து மடங்கு. ரத்தக்குழாய் அடைப்பே இல்லாவிட்டாலும் கூட்டுகிறது. நம் மருத்துவமனைகளில் சுகர் நோயாளியின் காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கச் சொல்கிறோம், சிறுநீரில் புரதம் பார்க்கிறோம். மூச்சு இரைக்கிறதா என்று கேட்பதில்லை. சுகர் மாத்திரைகளிலேயே இதயத்துக்கு ஆகாதது உண்டு. பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும், ஏற்கெனவே இதயம் பலவீனமானவரை மூழ்கடித்துவிடும். 2013 ஜூனில் இந்திய அரசு அதைத் தடைசெய்து அடுத்த மாதமே தடையை விலக்கிக்கொண்டது. அப்போது பேச்செல்லாம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றியே இருந்தது, இதயத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலர்தான். மூன்று மருந்து சேர்த்த ஒரே மாத்திரையில் அது ஒளிந்து வருவதால், தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்கே தெரியாது. கால் வீங்குகிறது என்று வந்தால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக டபாக்லிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை இருக்கிறது. 17,160 நீரிழிவு நோயாளிகளை வைத்துச் செய்த டிக்ளேர் ஆய்வில், பெரும்பாலோர் அதுவரை இதயச் செயலிழப்பு இல்லாதவர்கள். அந்த மாத்திரையால் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 27 விழுக்காடு குறைந்தது. 2020 அக்டோபரில் இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்தபின் விலை பல மடங்கு இறங்கிவிட்டது. அதே வகை மாத்திரையான எம்பாக்லிஃப்ளோசினுக்கும் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. எல்லாருக்கும் ஒத்துவராது, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், பட்டினி கிடக்கும் நாளில் நிறுத்த வேண்டும், இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகை நீரிழிவுக்கு ஆகாது. ஆனால் சுகரும் பிரஷரும் சேர்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு இதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதைப் பொறுத்து அமையக் கூடாது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வருடம் முழுக்கக் கைக்கெட்டும் மருந்தாக அது இருக்க வேண்டும்.

பிரசவம் ஆனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசி மாதத்திலிருந்து குழந்தை பிறந்து ஐந்து மாதம் வரைக்கும், அதற்குமுன் இதயக் கோளாறே இல்லாத பெண்ணுக்குத் திடீரென்று பம்பிங் இறங்கிவிடும் ஒரு நோய் உண்டு. அபூர்வம்தான். கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை சுமந்தவர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னால், “பச்சை உடம்புக்காரி, ரத்தம் கம்மி, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுப்பவளை எப்படியும் யாராவது ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அழைத்துவருகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இவர்களில் நிறையப் பேருக்கு இதயம் பழையபடி தேறிவிடும். இதயச் செயலிழப்பில் இப்படிச் சொல்லக்கூடிய வகைகள் மிகக் குறைவு. கர்ப்பத்தில் பிரஷர் வந்த பெண்ணுக்குப் பிள்ளை பெற்றதோடு கணக்கு முடிந்துவிடுவதுமில்லை, பின்னாளில் பிரஷரும் இதயநோயும் வரும் வாய்ப்பு அவளுக்கு அதிகம். தாய் சேய் பதிவேட்டில் இருக்கும் அந்தப் பெயர்கள் நாற்பது வயதில் உங்கள் பிரஷர் பதிவேட்டுக்கு வந்து சேர வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டைப்புண்ணும் பிறகு மூட்டு மாறி மாறி வீக்கமும் வந்தால், அது இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டால் வால்வு பிழைக்கும், ஊசி வலிக்கிறது என்று நிறுத்தும் பிள்ளை இருபது வயதில் மூச்சிரைப்போடு வரும். குடி, வருடக் கணக்கில் தினமும் குடித்தால், இதயத்தை நேரடியாகவே உருக்குலைக்கிறது. விட்டவர்களுக்கு இதயம் திரும்பத் தேறியதை எக்கோவிலேயே பார்த்திருக்கிறேன். (கடையை நடத்துவது வேறு துறை என்பது எனக்குத் தெரியும்.) புற்றுநோய்க்குச் சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் டாக்சோரூபிசின் ஏற்றியவர்களுக்கு, மொத்த அளவு கூடக்கூட இதயம் பலவீனமாகும் வாய்ப்பும் கூடும், சிலருக்குப் பத்து வருடம் கழித்துக்கூட. புற்றுநோய் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கும் பெண்ணின் அட்டையில் அந்த மருந்தின் பெயரை யாராவது குறித்துவைக்க வேண்டும். கருணைக்கிழங்குபோலக் கால் வீங்கிய பிறகு பழைய ஃபைலைத் தேடினால் கிடைப்பதில்லை.

பரம்பரையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஒரு ஆய்வு 2009இல் வந்தது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன நிலை தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்றும், அது பிற்காலத்தில் இதயச் செயலிழப்புக்கு வழிசெய்கிறது என்றும் காட்டினார்கள். அது இருக்கும் எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. மரபணுப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. குடும்பத்தில் ஐம்பதுக்கு முன் திடீரென்று இறந்தவர்கள், இதயம் வீங்கி இறந்தவர்கள் உண்டா என்று கேட்பதற்குக் காசு ஆகாது.

தன்னார்வலர்கள் ஏற்கெனவே சொற்ப ஊக்கத்தொகைக்குச் சுமக்க முடியாத வேலை பார்க்கிறார்கள், இன்னும் எதை ஏற்றுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மூன்று கேள்விக்குமேல் நான் கேட்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? போன மாதம் சிரமமில்லாமல் நடந்த தூரத்துக்கு இந்த மாதம் நின்று நின்று போக வேண்டியிருக்கிறதா? இரண்டு காலும் வீங்குகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தாலும் அந்த வாரத்திலேயே மருத்துவர் பார்த்து ஈசிஜி எடுக்கட்டும், தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எக்கோவுக்குத் தேதி வாங்கிக் கொடுக்கட்டும். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்லச் சொல்லுங்கள். உடம்பு தேறியதால் ஏறிய எடை கிடையாது அது, நீர்.

எக்கோ எடுக்க ஆள் போதாது என்பதும் உண்மைதான். எல்லாருக்கும் எக்கோ கேட்கவில்லை. மாரடைப்பில் பிழைத்தவர், ஈசிஜியில் மாற்றம் உள்ளவர், மூன்று கேள்வியில் ஒன்றுக்கு ஆமாம் சொன்னவர் என்று வடிகட்டினால் ஒரு வட்டாரத்துக்கு மாதம் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை இரண்டு வட்டாரங்களில் ஆறு மாதம் நடத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்று மலையோர வட்டாரமாக இருக்கட்டும், அங்கேதான் எக்கோவுக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் சேர்ந்து தடையாக நிற்கின்றன. அந்தக் கட்டணத்தையும் சோதனையின் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேட்டை அடுத்த முறை அச்சுக்கு அனுப்பும்போது, இந்த மூன்று கேள்விகளையும் வலி மாத்திரை பற்றிய ஒரு வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். எங்கள் வட்டாரத்தில் பயிற்சி நடத்த ஆள் தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம், புரொஜெக்டர் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் பொது மருத்துவர்